புல்வெளியும் வீடும்



1946-ஆம் ஆண்டில் லண்டன் வானொலியில் ஒரு நாவலாசிரியர் உரை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. தாம் சிறுவராக ஓடியாடி வளர்ந்த நாட்டுப்புறத்தின்மீது அறுபதினாயிரம் மக்களுக்கென ஒரு புதிய நகரம் எழவிருக்கிறது என்ற செய்தியை அவர் தம் உரையிற் குறிப்பிட்டார். அந்நகரம் எழுவது முறையா, முறையன்றா என்ற வினாவையும் எழுப்பினார். அவ்வினாவுக்கு அவர் கண்ட விடை யாது என்பதை இவ்வுரையின் பிற்பகுதியிற் காண்போம். அதனை உணர்வதற்கு, அவர் அதற்கு முன் நாற்பது ஆண்டுகளாக எழுதி வந்தவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அந்த நாவலாசிரியரின் பெயர் எட்வர்ட் மார்கன் ஃபார்ஸ்டர். 1879-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் லண்டனிற் பிறந்தவர், 1970-இல் மறைந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாவலைப் புதிய தடத்தில் திருப்பியவர்களுள் ஒருவர். நம் நாட்டைக் களமாகக் கொண்ட 'எ பாசேஜ் டு இந்தியா' என்னும் நாவலால் இந்திய மாணவர்க்கு நன்கு அறிமுகமானவர். அவருடைய கதைகளில் ஊடாடி நிற்கும் ஒரு கருத்தினையே இன்று ஆராய விழைகின்றேன். மனிதனும், மண்ணும், மரமும், புழுவும், பூச்சியும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஒரே குடும்பம் என்ற கருத்து அது.

இக்கருத்தினை இன்று நாம் சூழலியல் என்கின்றோம். இந்த அறிவுத்துறைக்கு 1866-இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹெக்கல். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அப்பெயரை ஆக்கினார். பிரிட்டிஷ் சூழலியல் கழகம் 1913-இல் தோன்றியது. உயிர்களையும் அவற்றைச் சூழ்ந்த காற்று, நீர், மண் முதலியவற்றையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும் எனக் கூறி, அத்தொகுதிக்கு 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி ஒரு பெயர் வழங்கினார். ஃபார்ஸ்டரின் நாவல்கள் யாவும் 1935-க்கு முன்னரே எழுதப்பட்டவை. அவர் விஞ்ஞானியும் அல்லர். எனினும், விஞ்ஞானம் வீடு என்ற சொல்லிலிருந்து தன் பெயரைப் பெற்றது போலவே, இவருடைய சிந்தனையும் ஒரு வீட்டிலிருந்தே தொடங்கியது.

ஃபார்ஸ்டரின் தந்தை கட்டடக் கலைஞர். மகன் இரண்டு வயது நிரம்புவதற்கு முன்னரே அவர் காலமானார். 1883-இல் தாயும் மகனும் லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஸ்டீவனேஜ் என்னும் சிற்றூரை அடுத்திருந்த 'ரூக்ஸ் நெஸ்ட்' என்ற வீட்டிற்குக் குடியேறினர். வீட்டை அடுத்துப் பண்ணையும் புல்வெளியும் இருந்தன. வீட்டருகே ஓங்கி நின்றது எல்ம் இனத்தைச் சேர்ந்த பழைய மரம் ஒன்று. அதன் அடிமரத்தில் பன்றிப் பற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அம்மரத்தின் பட்டையை மென்றால் பல்வலி நீங்கும் என்பது அப்பகுதி மக்களின் பழைய நம்பிக்கை. பத்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்த பின் 1893-இல் தாயும் மகனும் அவ்வீட்டை விட்டு நீங்க நேரிட்டது. அது வாடகை வீடு. உரிமையில்லாத வீட்டின்மீது வைத்த அன்பு அச்சிறுவனின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1910-இல், அவர் எழுதிய 'ஹவர்ட்ஸ் எண்ட்' என்னும் நாவலில் அவ்வீடும் அம்மரமும் பன்றிப் பற்களும் அப்படியே இடம்பெற்றன.

அந்நாவல் தோன்றிய காலத்து இங்கிலாந்தை மாணவர்கள் மனக்கண்ணாற் காணுதல் வேண்டும். 1851-இல் எடுத்த மக்கட்கணக்கிலேயே அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள் ஆகிவிட்டனர். 1911-இல் ஐவரில் ஏறத்தாழ நால்வர் நகரங்களில் வாழ்ந்தனர். பெருலண்டனின் மக்கள்தொகை எழுபது இலட்சத்தைக் கடந்துவிட்டது. 1904-இல் பிரிட்டனில் இருந்த மோட்டார்க் கார்கள் சுமார் எட்டாயிரம். 1910-இல் அவை ஐம்பதினாயிரத்துக்கு மேல். குதிரையின் நடைக்கும் வண்டியின் வேகத்துக்கும் என அமைந்த மண்சாலைகளில் திடீரெனக் கார்கள் பாய்ந்தோடத் தொடங்கின.

'ஹவர்ட்ஸ் எண்ட்' நாவலின் தொடக்கத்திலேயே இத்தகைய கார் ஒன்று வருகிறது. செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் வில்காக்ஸ் அதனை ஓட்டுகிறான். கார் எழுப்பிய புழுதி சாலையோரத் தோட்டங்களின் செடிகளிற் படிகிறது. ஊர்மக்களின் நுரையீரலிலும் புகுகிறது. இதனைக் கண்ட சார்லஸ், சாலைக்கு எப்போது தார் பூசுவார்கள் என்று சலித்துக் கொள்கிறான். சிறு நிகழ்ச்சிதான். ஆனால், இதில் அடங்கியுள்ள உண்மையை உன்னிப் பாருங்கள். காரின் இன்பம் ஒருவனுக்கு, புழுதி மற்றவர்க்கு. அப்புழுதிக்கு அவன் காணும் மருந்தோ கார் இன்னும் விரைவாக ஓட வழிசெய்யும் தார்ச்சாலை. ஒரு வசதியின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று வினவுவது இன்றைய சூழலியலார்க்கு வழக்கம். அவ்வினாவை ஃபார்ஸ்டர் 1910-இலேயே ஒரு புழுதிப்படலத்தின் வாயிலாக எழுப்பிவிட்டார்.

அடுத்து, அந்தக் கார் எதன்மீது ஓடுகிறது? ரப்பர்ச் சக்கரங்கள்மீது. வில்காக்ஸ் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது? மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ரப்பர் கொணரும் கம்பெனியிலிருந்து. அக்கம்பெனியின் அலுவலகச் சுவரில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் படம் தொங்குகிறது. கொழுப்பெடுப்பதற்காகக் கூறு போடக் குறியிட்ட திமிங்கிலத்தைப் போல் அக்கண்டம் அதிற் காட்சியளிப்பதாக ஆசிரியர் எழுதுகிறார். அதே 1910-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ரப்பரின் விலை உச்சத்தை எட்டியது என்பது வரலாறு. மலேயாவில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் ஆயின. அத்தோட்டங்களில் பால் வடித்தவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற ஏழை மக்கள். இங்கிலாந்தின் ஒரு கிராமச் சாலையில் எழுந்த புழுதிக்கும் கடல் கடந்த நாடுகளின் காடுகளுக்கும் தொடர்பு உண்டு. நாவலின் முகப்பில் ஆசிரியர் பொறித்த வாசகமும், ஒன்றோடொன்றை இணைத்துக் காண்க என்ற கருத்துடையதே.

இந்நாவலில் வரும் மாந்தரை மூன்று குடும்பத்தாராகப் பகுக்கலாம். வில்காக்ஸ் குடும்பத்தார் பணம் ஈட்டுவோர். மார்கரெட், ஹெலன் என்ற ஷ்லெகல் சகோதரியர் நூலும் இசையும் பயின்ற நடுத்தர வகுப்பினர். லியனார்ட் பாஸ்ட் என்பவன் லண்டனில் நிலவறை வீடொன்றில் வாழும் ஏழைக் குமாஸ்தா. வில்காக்ஸ் குடும்பத்தின் மூத்த பெண்மணியான ரூத் மட்டும் வேறு வகையினர். ஹவர்ட்ஸ் எண்ட் வீடு அவருக்குப் பிறப்புரிமையாக வந்தது. உலர்ந்த புல்லைக் கையில் ஏந்தி, அதன் மணத்தை நுகர்ந்தவாறு அவர் தோட்டத்தில் நடப்பார். அவருடைய கணவருக்கும் மக்களுக்கும் அப்புல்லே பகை. புல் உலரும் பருவம் வந்தால் தும்மலும் சளியும் அவர்களை வாட்டும்! வீட்டைச் சொத்தாக ஆள்வோர்க்கு அவ்வீட்டைச் சூழ்ந்த காற்றே ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஆசிரியர் நகைச்சுவையோடு காட்டுகிறார்.

ரூத் இறக்கும் தறுவாயில், அவ்வீட்டை மார்கரெட்டுக்கு வழங்குவதாகப் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார். வில்காக்ஸ் குடும்பத்தார் கூடி ஆலோசித்து அக்குறிப்பை நெருப்பிலிடுகின்றனர். சட்டப்படி அவர்கள்மீது குற்றமில்லை. ஆயினும், ஒரு நிலம் யாருக்கு உரியது என்ற வினா எரியாமல் எஞ்சி நிற்கிறது. பத்திரத்தில் பெயருள்ளவர்க்கு உரியதா? அதனை அறிந்து பேணுவோர்க்கு உரியதா? அதில் இடமே பெறாத ஏழைக்கும் அதிற் பங்கு உண்டா?

ஏழைக்குப் பங்கு உண்டா என்ற வினாவுக்காகவே லியனார்ட் பாஸ்ட் படைக்கப்பட்டிருக்கிறான். அவனுடைய முன்னோர் உழவர்கள். அவனோ நகரத்துக் குமாஸ்தா. ஒரு சனிக்கிழமை இரவு அவன் லண்டனின் எல்லையைக் கடந்து, துருவ நட்சத்திரத்தைத் துணையாகக் கொண்டு, காடுகளினூடே விடியும்வரை நடக்கிறான். பின்னர் ஷ்லெகல் சகோதரியரிடம் அதனைக் கூறும்போது, விடியற்காட்சி மிக அற்புதமாக இருந்திருக்குமே என்று அவர்கள் வினவுகின்றனர். இல்லை என்கிறான் லியனார்ட். வானம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது, அவனுக்குக் களைப்பு, பசி, குளிர். இவ்விடத்தில் நான் ஃபார்ஸ்டரை மிகவும் மதிக்கின்றேன். இயற்கையைப் பாடுவோர் பலர் வயிறு நிறைந்தவர்கள். பசித்தவனுக்கும் விடியலைக் காணும் வேட்கை உண்டு என்பதையும், பசியோடு காண்பவனுக்கு விடியல் எப்படித் தோன்றும் என்பதையும் ஒருங்கே எழுதியவர் சிலரே.

லியனார்ட் இளமையிலேயே இறந்துபடுகிறான். முடிவில் ஹவர்ட்ஸ் எண்ட் வீடு மார்கரெட்டுக்குக் கிடைக்கிறது. அவளுக்குப் பின் அது யாருக்குச் செல்லும்? லியனார்டுக்கும் ஹெலனுக்கும் பிறந்த குழந்தைக்கு! அக்குழந்தை உலர்புல்லில் விளையாடுவதோடு நாவல் முடிகிறது. அவ்வாண்டு புல் விளைச்சல் பெரிது. ஆயினும், எட்டொன்பது புல்வெளிகளுக்கு அப்பால் லண்டன் நகரம் செந்நிறத் துருவைப் போலப் பரவி வருவதை ஹெலன் சுட்டிக் காட்டுகிறாள். மார்கரெட் அதனை மறுக்கவில்லை. இந்த விரைவு நாகரிகம் என்றென்றும் நீடிக்காமலும் போகலாம் என்று நம்புகிறாள். இந்த முடிவை மாணவர்கள் நன்கு நினைவிற் கொள்க. ஏழைக் குமாஸ்தாவின் மகனே நிலத்துக்கு வாரிசு என்று 1910-இல் எழுதிய கை, 1946-இல் அதற்கே விடை கூற நேர்ந்தது.

'ஹவர்ட்ஸ் எண்ட்' வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன், 1909-இல், 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற சிறுகதையையும் ஃபார்ஸ்டர் எழுதினார். 'இயந்திரம் நிற்கிறது' என்பது பொருள். வருங்காலத்தில் மனிதர் பூமிக்கு அடியில், தேன்கூட்டின் கண்ணறைகளைப் போன்ற அறைகளில், ஒவ்வொருவராகத் தனித்து வாழ்கின்றனர். காற்று, உணவு, ஒளி, இசை, உரையாடல் யாவற்றையும் ஒரு மாபெரும் இயந்திரம் வழங்குகிறது. வாஷ்டி என்னும் தாய் தன் மகன் கூனோவைத் தகட்டொளியிற் காண்பதோடு நிறைவடைகிறாள். ஒருமுறை அவள் வானூர்தியில் இமயமலைக்கு மேலே பறக்கிறாள். அதனால் தனக்கு எந்தக் கருத்தும் தோன்றவில்லை என்று கூறித் திரையை மூடச் செய்கிறாள். மகனோ அனுமதியின்றி மேலேறிச் சென்று புல்லையும் குன்றையும் காண்கிறான். பின்னர் இயந்திரம் சிறிது சிறிதாகப் பழுதுபடுகிறது. இசையில் இரைச்சல் கலக்கிறது, காற்று கெடுகிறது. மக்கள் முதலில் முறையிடுகின்றனர். பிறகு ஒவ்வொரு குறைக்கும் பழகிப் போகின்றனர். இறுதியில் இயந்திரம் நின்றுவிட, அந்த உலகம் அழிகிறது. கைப்பேசித் திரையில் முகம் பார்த்துப் பேசும் இக்காலத்து மாணவர்கள் இக்கதையைப் படித்தால் திடுக்கிடுவார்கள். தகட்டொளியைவிட என்னைக் கவலுறுத்துவது, கெட்ட காற்றுக்கு மக்கள் பழகிப் போகும் அந்தப் பகுதியே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஃபார்ஸ்டர் 1912-இலும், 1921-இலும், 1945-இலும் இந்தியாவுக்கு வந்தார். இரண்டாம் முறை வந்தபோது தேவாஸ் சமஸ்தானத்து மன்னரின் அந்தரங்கச் செயலாளராகப் பணியாற்றினார். இவ்வனுபவங்களிலிருந்து 1924-இல் 'எ பாசேஜ் டு இந்தியா' பிறந்தது. அது ஆங்கிலேயர்க்கும் இந்தியர்க்கும் இடையே நட்பு இயலுமா என்று ஆராயும் நாவல் என்பதை அறிவீர்கள். அதற்குள்ளே மற்றொரு வினாவும் இருக்கிறது. மனிதர்க்கும் ஏனைய உயிர்களுக்கும் இடையே உறவு இயலுமா என்பதே அது.

மூர் அம்மையார் என்ற ஆங்கிலேய மூதாட்டி ஓரிரவு தம் மேலாடையை மாட்டச் செல்கிறார். ஆடை மாட்டும் ஆணியின் நுனியில் ஒரு குளவி உறங்குகிறது. அதனை அவர் விரட்டவில்லை, அன்போடு அழைக்கிறார். வீடென்றும் வெளியென்றும் இந்தியப் பூச்சிகள் பிரித்தறிவதில்லை என்று ஆசிரியர் கூறுகிறார். வீட்டிற் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி, அதனைக் கலைக்காமல் விடும் தாய்மார் நம்மிடையே உண்டு. ஆகவே இக்காட்சி நமக்குப் புதிதன்று. இதே நாவலில் கிறிஸ்தவ ஊழியர் இருவர் விண்ணுலகில் எவ்வெவ்வுயிர்க்கு இடமுண்டு என்று ஆராய்கின்றனர். குரங்குக்கு உண்டு என ஒப்புகிறார் அவருள் இளையவர். நரிக்கு? குளவிக்கு? செடிக்கு? கல்லுக்கு? சேற்றுக்கு? எங்கேயாவது ஒரு கோடு கிழித்தாக வேண்டுமே என அவர் தடுமாறுகிறார்.

நாவலின் இறுதிப் பகுதியில், கோகுலாஷ்டமி விழாவில் மெய்ம்மறந்து ஆடும் கோட்போல் என்ற பிராமணப் பேராசிரியர், மூர் அம்மையாரை நினைவுகூர்கிறார். பிறகு எங்கோ ஒரு கல்லின்மீது கண்ட குளவியையும் நினைத்துத் தம் அன்பில் அடக்குகிறார். அடுத்து அந்தக் கல்லையும் அடக்க முயல்கிறார், முடியவில்லை. எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும் அன்பு என்று பேசுவது எளிது; அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கண்டு சொல்வது அரிது. ஃபார்ஸ்டர் தம் எல்லையை ஒளிக்கவில்லை.

அக்கல்லின் தொன்மையையும் அவர் அறிந்திருந்தார். நாவலில் வரும் மராபார்க் குகைகளுக்கு மூலம், பீகாரிலுள்ள பராபர்க் குன்றுகளில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் குடையப்பட்ட குகைகள். அசோகர் அவற்றுட் சிலவற்றை ஆசீவகத் துறவியருக்கு வழங்கினார். 1913-இல் ஃபார்ஸ்டர் அவற்றை நேரிற் கண்டார். அக்குகைகளைப் பற்றிய பகுதியை அவர் தொடங்கும் முறை தனிச்சிறப்புடையது. கங்கையையும் இமயத்தையும் இளையவை என்று கூறி, தென்னாட்டு மேட்டுநிலம் அவற்றினும் மிகத் தொன்மையானது என்கிறார். ஆப்பிரிக்காவோடு இந்தியாவை இணைத்த நிலம் கடலில் மூழ்கியது என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து. அதனையே அவரும் எழுதினார். நிலப்பகுதிகள் பிரிந்து விலகின என்பது இன்றைய விஞ்ஞானம். விளக்கம் மாறினும், தென்னகப் பாறை இமயத்துக்கு மூத்தது என்ற உண்மை மாறவில்லை. ஆளும் ஆங்கிலேயரும் ஆளப்படும் இந்தியரும் பூசலிடும் அந்த மண், இருவர்க்கும் கோடானுகோடி ஆண்டுகள் முந்தியது என்று நினைப்பூட்டுவதே அவர் நோக்கம்.

அந்நாவல் ஈட்டித் தந்த பணத்தைக் கொண்டு ஃபார்ஸ்டர் சர்ரே மாவட்டத்தில் அபிஞ்சர் என்னும் இடத்தில் ஒரு சிறு தோப்பினை வாங்கினார். உடனே தம் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை 1926-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். தோப்பு தமதானதும், அதற்கு அப்பாலுள்ள நிலமும் தமதாகக் கூடாதா என்ற ஆசை எழுந்தது. கிளையில் அமர்ந்த பறவை தம்முடையது என்று மகிழ்ந்தார். அது பறந்து அயலார் நிலத்துக்குச் சென்றதும் வருந்தினார். வழிப்போக்கர் பழம் பறித்தால் சினம் வந்தது. வில்காக்ஸ் குடும்பத்தாரைப் பழித்த அதே மனிதர், தமக்குள்ளேயே ஒரு வில்காக்ஸ் இருக்கக் கண்டு, அதனை உலகறியச் சிரித்துக்கொண்டார். அத்தோப்பு பின்னாளில் நாட்டின் பொதுச் செல்வங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டின் உடைமையாயிற்று.

இதனையடுத்து அவர் ஊர்மக்கள் திறந்தவெளியில் நடிப்பதற்கென இரு வரலாற்றுக் காட்சிகளை எழுதினார். ஒன்று 1934-இல் அபிஞ்சரில் நடிக்கப்பட்டது. மற்றொன்று 1938-இல் நடிக்கப்பட்ட 'இங்கிலாண்ட்ஸ் ப்ளெசண்ட் லேண்ட்'. பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் ஏறத்தாழ நாலாயிரம் சட்டங்களின் வாயிலாக இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. ஏழைகள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பெற்றிருந்த உரிமை பறிபோயிற்று. இரண்டாவது நாடகம் இக்கொடுமையையும், பிற்காலத்தில் அதே நிலம் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாக விலைபோவதையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. 'ஹவர்ட்ஸ் எண்ட்' நாவலில் நிலத்தின் அழகைக் கண்ட அளவுக்கு, அந்நிலத்தில் உழைப்போரின் குரலை அவர் கேட்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இருக்கிறது. அதனை அவர் இந்நாடகத்தில் ஓரளவு ஈடு செய்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சால் லண்டனில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன அல்லது சேதமுற்றன. நெரிசல் நிறைந்த லண்டனிலிருந்து மக்களை வெளியே குடியேற்றத் துணை நகரங்கள் அமைக்குமாறு 1944-இல் பாட்ரிக் அபர்குரோம்பி ஒரு திட்டம் வகுத்தார். 1946-இல் புதுநகர்ச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட முதல் நகரம் எது தெரியுமா? ஸ்டீவனேஜ்! ஆறேழாயிரம் மக்கள் வாழ்ந்த அச்சிற்றூரை அறுபதினாயிரம் பேர் வாழும் நகரமாக்குவது திட்டம். ஊரார் கொதித்தெழுந்தனர். அமைச்சர் லூயிஸ் சில்கின் விளக்கம் கூற வந்தபோது, ரெயில் நிலையத்தின் பெயர்ப்பலகையை மாற்றி, 'சில்கின்கிராட்' என்று எழுதி வைத்தனர். வழக்கும் தொடுத்தனர். பிரபுக்கள் சபை வரை சென்ற அவ்வழக்கு 1947-இல் அரசாங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது.

வழக்கு மன்றம் செல்வதற்கு முன்னரே ஃபார்ஸ்டர் பி.பி.சி. வானொலியிற் பேசினார். போர்க்காலத்தில் அதே நிறுவனத்தின் வாயிலாக இந்திய நேயர்களுக்கு நூல்களைப் பற்றிப் பல உரைகள் நிகழ்த்தியவர் அவர். இம்முறை காலத்தின் அறைகூவல் என்ற பொருளில் அமைந்த உரைத்தொடரில் பேசினார். தம் இளமைக்காலத்து மண் அழியப் போவதையும், தலைமுறை தலைமுறையாக அங்கு உழுது வந்த குடும்பங்கள் பெயர்க்கப்படுவதையும் துயரத்தோடு எடுத்துரைத்தார். அத்தோடு அவர் நின்றிருந்தால், அவர் உரை ஒரு நிலப்பற்றாளரின் புலம்பலாக முடிந்திருக்கும். அவர் மேலும் பேசினார். மக்களுக்கு வீடு வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். வடலண்டனில் இரண்டே அறைகளில் நான்கு குழந்தைகளை வளர்க்கும் தம் உழைப்பாளி நண்பர்களை நினைவுகூர்ந்தார். தம்மைப் போன்றோர் துய்த்த ஓய்வும் பண்பாடும், உள்நாட்டு ஏழைகளையும் கடல் கடந்த மக்களையும் சுரண்டிய பங்காதாயத்தால் வந்தவை என்பதையும் அதே உரையில் ஒளிக்காமற் கூறினார். முடிவாக, இரு கடமைகள் மோதுகின்றன. இவ்விரண்டையும் என்னாற் சரிக்கட்ட இயலவில்லை என்ற கருத்துப்படப் பேசினார்.

இதுதான் நான் தொடக்கத்திற் குறிப்பிட்ட விடை. இது விடையா என்று மாணவர்கள் கேட்கலாம். 'ஹவர்ட்ஸ் எண்ட்' முடிவை இங்கே நினைவுகூருங்கள். நிலத்துக்கு வாரிசு லியனார்டின் மகன் என்று எழுதியவர் ஃபார்ஸ்டர். 1946-இல் ஸ்டீவனேஜுக்கு வரக் காத்திருந்த அறுபதினாயிரம் பேர் யாவர்? லியனார்டுகளின் மக்களும் பேரருமே அல்லரா? கதையில் ஒரு குழந்தைக்கு ஒரு புல்வெளியை வழங்குதல் எளிது. வரலாற்றில் அறுபதினாயிரம் பேர் வந்து பங்கு கேட்டால், அவர்களுக்கு வழங்கப் புல்வெளி எஞ்சுவதில்லை. இந்த முரணை அவர் எவ்விதத்திலும் பூசி மெழுகவில்லை. வீடு தேவை என்பதனால் புல்வெளி பயனற்றது என்று சொல்லவில்லை. புல்வெளி அழகியது என்பதனால் வீடற்றோரை மறக்கவும் இல்லை.

நகரம் எழுந்தது. 2021-ஆம் ஆண்டின் கணக்குப்படி ஸ்டீவனேஜில் சுமார் எண்பத்தொன்பதாயிரம் மக்கள் வாழ்கின்றனர். ரூக்ஸ் நெஸ்ட் வீடு சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்று நிற்கிறது. அதனைச் சூழ்ந்த வயல்வெளியை மக்கள் 'ஃபார்ஸ்டர் நாடு' என்று அழைக்கின்றனர். அந்த வெளியின் ஒரு பகுதியிலும் அண்மை ஆண்டுகளில் வீடுகள் கட்ட அனுமதி வழங்கப்பட்டது. அன்பர்கள் மீண்டும் எதிர்த்தனர். வீடில்லாதோர் மீண்டும் வீடு கேட்டனர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூறி இவ்வுரையை முடிக்க விரும்புகின்றேன். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், கிழக்குச் சுவரை ஒட்டி நான்கு வேப்பமரங்கள் நின்றன. மாணவர் தொகை பெருகியது. இரு வகுப்புகள் தாழ்வாரத்தில் நடந்தன. மழைக்காலத்தில் சாரல் அடித்துச் சிறுவர்களின் புத்தகங்கள் நனையும். புதிய அறைகள் கட்டுவதற்கு மரங்களை அகற்றலாம் என்று கையொப்பமிட்டவன் நான். ஒரே நாளில் நான்கும் வீழ்ந்தன. அறைகள் எழுந்தன; பிள்ளைகள் நனையவில்லை. ஆனால், சித்திரை மாதத்தில் நடுப்பகல் உணவுக்கு அவர்கள் எங்கே அமர்வது என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆண்டறிக்கையில் அறைகளின் நீள அகலத்தை எழுதினேன். செலவான தொகையை எழுதினேன். வெட்டிய மரங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இன்று அதே நிலைமை ஏற்பட்டாலும் ஒருவேளை நான் அவ்வாறே கையொப்பமிடக்கூடும், பிள்ளைகள் நனையலாகாது. ஆனால், முதலில் வேறு இடம் உண்டா என அளந்து பார்ப்பேன். இல்லையெனின், அறிக்கையில் வரவை எழுதிய அதே பக்கத்தில், நான்கு வேப்பமரங்கள் என்று செலவையும் எழுதுவேன்.

மாணவர்களே! உங்கள் காலத்தில் சாலைகளும், அணைகளும், தொழிற்சாலைகளும், வீடுகளும் இன்னும் பல எழும். அவற்றை வேண்டும் என்று சொல்லும் பொறுப்பும், வேண்டா என்று சொல்லும் பொறுப்பும் உங்களுடையனவே. எப்பக்கம் நின்று பேசினாலும், மறுபக்கத்தின் இழப்பையும் உங்கள் கணக்கேட்டில் எழுதுங்கள். ஃபார்ஸ்டரின் நாவல்களைக் கற்பதால் நாம் பெறும் பயன் இது.